கணித மேதைக்கு வந்த மர்மக் காய்ச்சல்

சென்னையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரெயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். குரோம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வரும். அதன் பெயர் தாம்பரம் சானடோரியம்.

அது ஏதோ ஓர் ஊரின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. சானடோரியம் என்பது ஊர்ப் பெயர் அல்ல. காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் செய்துகொள்ளும் இடத்துக்குச் சீமையில் வைத்த பெயர் அது. அங்கே அப்படி ஓர் ஆஸ்பத்திரி 1928ஆம் ஆண்டில் வந்தது. அதன் பெயரே ஸ்டேஷனுக்கும் பிறகு ஊருக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த ஆஸ்பத்திரியை நிறுவியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன்பு அவர் பல ஆண்டுகள் இங்கிலாந்தில் வைத்தியம் செய்தார். அங்கே ஒரு நாள், கும்பகோணத்துக்காரர் ஒருவர் அவருடைய ஆஸ்பத்திரியில் நோயாளியாக வந்து சேர்ந்தார்.

அந்த நோயாளிதான் உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச ராமானுஜம்!

ராமானுஜம் 32 வயதில் இறந்து போனார். காசநோயால் இறந்தார் என்றுதான் வெகுகாலம் எல்லோரும் சொல்லி வந்தார்கள். ஆனால் அது காசநோய்தானா? அந்தச் சந்தேகம் இன்றும் இருக்கிறது.

ஈரோட்டில் பிறந்தவர்

ராமானுஜம் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ந் தேதி ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச அய்யங்கார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். தாயார் கோமளத்தம்மாள்.

இரண்டு வயதில் ராமானுஜத்துக்கு அம்மை போட்டியது. பல குழந்தைகளைக் கொண்டுபோன அந்த நோயிலிருந்து அவர் பிழைத்தார். முகத்தில் தழும்பு மட்டும் தங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கணக்கில் புலி. நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் வாங்கினார். பெரிய கணிதப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. அவ்வளவுதான். மற்றப் பாடங்கள் மறந்தே போயின. கல்லூரியில் கணக்கு தவிர மற்றதில் எல்லாம் தோல்வி. உபகாரச் சம்பளம் நின்றுபோயிற்று.

1906ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இங்கேதான் நம் கதைக்கு முக்கியமான ஒரு சம்பவம் நடந்தது.

அவருக்குக் கடுமையான சீதபேதி கண்டது. படிப்பை நிறுத்திவிட்டுக் கும்பகோணம் திரும்பினார். மூன்று மாதம் படுத்திருந்தார். பிறகு எழுந்து நடமாடினார். வியாதி போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நம் வீடுகளில் சீதபேதியை யார் பெரிதாக நினைக்கிறார்கள்? மோர் குடித்தால் சரியாகிவிடும் என்போம். வயிறு கட்டியதும் மறந்துவிடுவோம்.

1909ஆம் ஆண்டு ஜானகியோடு திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் விரைவாதத்துக்கு ஓர் ஆபரேஷன். செலவுக்குக் குடும்பத்தில் பணம் இல்லை. ஒரு டாக்டர் இரக்கப்பட்டு இலவசமாகச் செய்தார். அந்தப் புண்ணியவானின் தயவால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

சீதபேதி ஒன்று, ஆபரேஷன் ஒன்று. இந்த இரண்டையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முப்பது ரூபாய் குமாஸ்தா

வேலை தேடி ராமானுஜம் அலைந்தார். கையில் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம். அதைப் பார்த்து வியந்தவர்கள் உண்டு. வேலை கொடுத்தவர்கள் இல்லை. கடைசியில் 1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகக் கணக்குகள். ஹார்டி முதலில் சந்தேகப்பட்டார். அன்று இரவே, எழுதியவர் ஒரு மேதை என்று முடிவு செய்தார். சீமைக்கு வரச் சொல்லி அழைத்தார்.

கடல் கடந்து போவது ஆசாரத்துக்கு விரோதம் என்று கருதிய காலம். தாயார் முதலில் மறுத்தார். பிறகு சம்மதித்தார். மாமிசம் தொடுவதில்லை என்று ராமானுஜம் உறுதி கொடுத்தார்.

1914 மார்ச் 17ந் தேதி நெவாசா என்ற கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. குடுமியை எடுத்துவிட்டு, கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு ராமானுஜம் அதில் ஏறினார். கப்பலில் ஒரு டாக்டரோடு பழக்கம் ஏற்பட்டது. காசநோய் வைத்தியத்தில் பெயர் பெற்றவர். அவர்தான் சவுரிமுத்து. மூன்று வருஷம் கழித்து அவரிடமே நோயாளியாகப் போகப் போகிறோம் என்று ராமானுஜத்துக்கு அப்போது எப்படித் தெரியும்?

குளிரும் யுத்தமும்

அவர் போய்ச் சேர்ந்த நான்கே மாதத்தில் முதலாவது உலக யுத்தம் வந்துவிட்டது. காய்கறிக்குப் பஞ்சம். பாலுக்குப் பஞ்சம். ஊரிலிருந்து தபாலில் பொடி வகைகள் வரும். அதை வைத்துக்கொண்டு தம் அறையில் தாமே சமைத்துக்கொள்வார். கணக்கில் மூழ்கிவிட்டால் சமையல் ஏது? ஒரு நாள் சாப்பாடு, மறுநாள் பட்டினி. இரவெல்லாம் விழிப்பு. வெயிலே தெரியாத ஊர்.

இருந்தாலும் அவருடைய கணக்குகள் உலகப் புகழ் பெற்றன. 1916ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

1917ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ராமானுஜம் படுத்துவிட்டார்.

இரவானால் காய்ச்சல். வயிற்றில் வலி. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. கேம்பிரிட்ஜில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். முதலில் வயிற்றுப்புண் என்றார்கள். அந்த வைத்தியம் பலிக்கவில்லை. பிறகு காசநோயாக இருக்கலாம் என்றார்கள்.

அந்த நாளில் இந்தியர் ஒருவர் சீமையில் இளைத்துக் காய்ச்சலாகக் கிடந்தால், காசநோய் என்றுதான் டாக்டர்களுக்கு முதலில் தோன்றும். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவ்வளவு பேர் அந்த நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மெண்டிப் மலையில்

1917 அக்டோபரில் ராமானுஜம் சாமர்செட் பகுதியில் மெண்டிப் மலைமேல் இருந்த சானடோரியத்துக்குப் போனார். அதை நடத்தியவர் கப்பலில் சந்தித்த அதே டாக்டர் சவுரிமுத்து.

காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. இருந்த வைத்தியம் மூன்றுதான். சுத்தமான காற்று, ஓய்வு, சத்துள்ள சாப்பாடு. காற்றுக்காக அறையைத் திறந்தே வைத்திருப்பார்கள். பனி பெய்தாலும் திறந்துதான் இருக்கும். பிறந்ததிலிருந்து காவிரிக்கரை வெயிலில் வளர்ந்தவர் அந்தக் குளிரில் நடுங்கினார். சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. சில வாரங்களிலேயே அங்கிருந்து மாறினார்.

அடுத்தது டெர்பிஷயரில் மாட்லாக் என்ற இடம். அங்கேயும் சானடோரியம்தான். ஏறக்குறைய ஒரு வருஷம். அதற்குப் பிறகு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி. பிறகு பட்னியில் ஒரு நர்சிங் ஹோம்.

பட்னியில்தான் அந்தப் பிரசித்தி பெற்ற டாக்சி சம்பவம் நடந்தது. ஹார்டி அவரைப் பார்க்க வந்தார். தாம் வந்த டாக்சியின் எண் 1729 என்றும், அது ஒரு சப்பென்ற எண் என்றும் சொன்னார். படுக்கையில் கிடந்த ராமானுஜம் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12ஐ மூன்று தடவை பெருக்கினால் 1728. அதோடு 1 சேர்த்தால் 1729. 10ஐ மூன்று தடவை பெருக்கினால் 1000. 9ஐ மூன்று தடவை பெருக்கினால் 729. இரண்டையும் கூட்டினாலும் 1729! உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம். மூளை மட்டும் சூரியனைப் போல எரிந்துகொண்டிருந்தது.

1918ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ ஆனார். அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

நாள்தோறும் ஒரு வியாதி

பட்டங்கள் வந்தன. வியாதியின் பெயர் மட்டும் நிலைக்கவில்லை.

வயிற்றுப்புண் என்றார்கள். காசநோய் என்றார்கள். புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டவர் உண்டு. ரத்தம் கெட்டுவிட்டதோ என்றும், ஈயம் உடம்பில் கலந்துவிட்டதோ என்றும் யோசித்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் ஒரு புது யோசனை சொன்னார். எதுவும் முடிவாகவில்லை. கடைசியில், வேறொன்றும் தெரியாத காரணத்தால், காசநோய் என்பதே நின்றது.

இதில் ஒரு விஷயம் நம்மை உலுக்குகிறது.

லண்டனில் டாக்டர் பாட்டி ஷா என்ற பெரிய வைத்தியர் ராமானுஜத்தைச் சோதித்தார். இவருக்கு இந்தியாவில் முன்பு ஓர் ஆபரேஷன் நடந்திருக்கிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதற்கு முன் பார்த்த டாக்டர்களுக்கு அது தெரியாது! அந்த ஆபரேஷன் புற்றுநோய்க் கட்டிக்காகச் செய்ததாக இருக்குமோ என்று பாட்டி ஷா பயந்தார். பல மாதமாகியும் ராமானுஜத்தின் நிலை மோசமாகவில்லை. அதனால் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். எத்தனை டாக்டர்கள்! எத்தனை ஆஸ்பத்திரிகள்! இதற்கு முன் உனக்கு என்ன வியாதி வந்தது, எங்கே வெட்டினார்கள், எப்போது என்று உட்கார்ந்து கேட்டவர் ஒருவர்தான். ஆபரேஷனே தெரியாதவர்களுக்கு, பதினொரு வருஷத்துக்கு முன் சென்னையில் வந்த சீதபேதி எப்படித் தெரிந்திருக்கும்?

ராமானுஜமும் சுலபமான நோயாளி அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். தம்மைப் பற்றி அதிகம் பேசமாட்டார். டாக்டர் சொல்லும் பத்தியத்தைக் கேட்கமாட்டார். மனமும் வெகுவாக உடைந்து போயிருந்தது. மனைவியிடமிருந்து கடிதம் இல்லை. பேச ஆள் இல்லை. அப்படிப்பட்டவரிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டால்தான் பதில் வரும்.

சேத்துப்பட்டில் முடிவு

யுத்தம் முடிந்தது. 1919 பிப்ரவரியில் ராமானுஜம் கப்பல் ஏறினார். மார்ச் 27ந் தேதி பம்பாயில் இறங்கினார். தாயாரும் தம்பியும் காத்திருந்தார்கள். மகனைப் பார்த்துத் தாயார் கலங்கிப்போனார்.

சென்னையில் டாக்டர் சந்திரசேகர அய்யர் வைத்தியம் செய்தார். காசநோய் நிபுணர் என்று பெயர் எடுத்தவர். அவரும் காசநோய் என்றே முடிவு செய்தார். காற்று மாற்றத்துக்காகக் காவிரிக்கரைக் கொடுமுடிக்குப் போனார்கள். பிறகு கும்பகோணம். பிறகு மறுபடியும் சென்னை. கடைசியாகத் தங்கிய வீடு சேத்துப்பட்டு ஹாரிங்டன் ரோட்டுப் பக்கம் இருந்தது.

ஜானகி அம்மாள் பக்கத்திலேயே இருந்தார். நெஞ்சிலும் வயிற்றிலும் வலி வரும்போதெல்லாம் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுத்தார். வலி கொஞ்சம் அடங்கினால் ராமானுஜம் காகிதம் கேட்பார். கணக்கு எழுதுவார். அப்படி எழுதிய தாள்கள் பிற்காலத்தில் சீமைக்குப் போய், 1976ஆம் ஆண்டில் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியிலிருந்து கண்டெடுக்கப்பட்டன. கணித உலகம் அதைப் புதையல் என்று கொண்டாடியது.

1920 ஏப்ரல் 26ந் தேதி ராமானுஜம் காலமானார்.

எழுபத்துநான்கு வருஷம் கழித்து

1994ஆம் ஆண்டு டி.ஏ.பி. யங் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பழைய கடிதங்களை எல்லாம் தேடிப் படித்து, ராமானுஜத்தின் காய்ச்சல் எப்படி வந்தது, எப்படிப் போனது, என்னென்ன வலி என்று வரிசைப்படுத்திப் பார்த்தார். காசநோய் என்பதற்கு அதில் பலமான ஆதாரம் இல்லை என்றார். 1906இல் வந்த சீதபேதியை அவர் பிடித்துக்கொண்டார்.

சீதபேதியை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்று அமீபா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி. அசுத்தமான தண்ணீரில் வரும். பேதி நின்றுபோனாலும் கிருமி குடலிலேயே பதுங்கி இருக்கலாம். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் ரத்தத்தின் வழியாக ஈரலுக்குப் போய்விடும். அங்கே சீழ்க்கட்டி உண்டாகும். விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். உடம்பு இளைக்கும். ராமானுஜத்துக்கு வந்தது இதுதான் என்பது யங் செய்த ஊகம்.

இதை முடிந்த தீர்ப்பு என்று சொல்ல முடியாது. அன்றைய மருத்துவக் குறிப்புகள் முழுமையாக இல்லை. சத்துக் குறைவுதான் காரணம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் யங் சொல்வது உண்மையானால், அதைவிடக் கொடுமை வேறு இல்லை. ஏன் தெரியுமா? காசநோய்க்கு அன்று மருந்து இல்லை. ஈரலில் அமீபா என்றால் மருந்து இருந்தது!

எமிடின் என்பது அதன் பெயர். இபிகாக் என்ற செடியின் வேரிலிருந்து எடுப்பது. ஊசி மூலம் அதைப் போட்டால் சீதபேதியும் ஈரல் கட்டியும் குணமாகின்றன என்று 1912ஆம் ஆண்டில் காட்டியவர் லியோனார்டு ராஜர்ஸ். எங்கே? நம் நாட்டுக் கல்கத்தாவில்! ராமானுஜம் கப்பல் ஏறுவதற்கு இரண்டு வருஷம் முன்பே.

எமிடின் ஆபத்தில்லாத மருந்து அல்ல. அளவு மீறினால் இருதயத்தைத் தாக்கும். அதனால் சந்தேகத்தின் பேரில் எல்லோருக்கும் போட்டுவிட முடியாது. அளவு பார்த்து, நாடி பார்த்து, நோயாளியைப் படுக்கவைத்துப் போட வேண்டும். இன்று அந்த இடத்தை மெட்ரோனிடசோல் மாத்திரை பிடித்துவிட்டது. ஸ்கேன் எடுத்தால் ஈரலில் இருக்கும் கட்டி தெரிந்துவிடும். சென்னைக்குத் தெற்கே எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இன்று செய்யக்கூடிய வைத்தியம் இது.

பச்சைமலை அடிவாரத்தில்

டாக்டர் சவுரிமுத்து இந்தியாவுக்குத் திரும்பினார். சென்னைக்குத் தெற்கே, பச்சைமலைப் பக்கம் இடம் தேர்ந்தெடுத்தார். பட்டணத்துப் புகை கிடையாது. ரெயில் வசதி உண்டு. 1928ஆம் ஆண்டில் 12 படுக்கைகளோடு தாம்பரம் சானடோரியம் தொடங்கியது. 1937ஆம் ஆண்டில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

அங்கேயும் முதலில் காற்றும் ஓய்வும் பாலும் முட்டையும்தான் வைத்தியம். வந்தவர்களில் பிழைத்தவர்கள் உண்டு; பிழைக்காதவர்கள் அதிகம். அக்கம்பக்கத்தார் அந்த மதில் ஓரம் நடக்கவே பயந்தார்கள்.

பிறகு மருந்து வந்தது. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டெரப்டோமைசின் கண்டுபிடித்தார்கள். செத்துவிடுவார்கள் என்று நினைத்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். உலகமே மகிழ்ந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி சில மாதம்தான். எழுந்தவர்களில் பலர் மறுபடியும் படுத்தார்கள். இந்தத் தடவை அதே ஊசி அவர்களிடம் பலிக்கவில்லை!

காரணம் இதுதான். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால், கோடிக்கணக்கான கிருமிகளில் அந்த மருந்துக்கு அசையாத சில கிருமிகள் தப்பிவிடும். மற்றவை செத்தபின் அவை பெருகும். பிறகு அந்த மருந்து தண்ணீருக்குச் சமம். ஆகவே காசநோய்க்கு ஒரே மருந்தை எழுதக்கூடாது. பல மருந்துகளைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று டாக்டர்கள் தெரிந்துகொண்டார்கள்.

1952ஆம் ஆண்டில் ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. விலை குறைவு. 1956ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கியது. காசநோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கமான வீடுகள். பால், முட்டை எல்லாம் கிடையாது.

முடிவு 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள்! மலைக்காற்று முக்கியம் அல்ல. சரியான மருந்தை விடாமல் சாப்பிடுவதே முக்கியம் என்று உலகத்துக்குச் சொன்னது நம் சென்னை. அந்தப் பரிசோதனையை நடத்திய நிலையம் எங்கே இருக்கிறது தெரியுமா? சேத்துப்பட்டில்! ராமானுஜம் உயிர் விட்ட அதே சேத்துப்பட்டு.

அந்தப் பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் அதைச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டேன் என்பார்கள். சிறுநீரைச் சோதித்தால் குட்டு வெளிப்படும். இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவது மனித சுபாவம். ஆகவே கண் முன்னால் மாத்திரை கொடுக்கும் முறை பிறந்தது.

மருந்துச் சீட்டின் பின்னால்

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத வைத்தியம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். நோயாளியின் எடையைப் பார்த்துத்தான் அளவு.

நான்கும் நல்ல மருந்துகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. முதல் நாளே சொல்லிவிட்டால் அந்தப் பயம் இல்லை. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு ரிபாம்பிசின் கொடுத்தால் அந்த மாத்திரை பலிக்காமல் போகலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐசோனியாசிட் கை கால்களில் மரப்பு உண்டாக்கும். பி6 வைட்டமின் கொடுத்தால் தடுக்கலாம். எதாம்புடால் கண் பார்வையைத் தொடும். முன்பு போட்டுவந்த ஸ்டெரப்டோமைசின் ஊசி காதைக் கெடுக்கக்கூடியது. ஈரல் ஏற்கெனவே கெட்டவரா, குடிப் பழக்கம் உள்ளவரா என்று கேட்காமல் இவற்றை எழுதக்கூடாது.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் இந்தப் பாடம் இன்னும் கடினமாயிற்று. 1993ஆம் ஆண்டு முதல் எய்ட்ஸ் நோயாளிகள் அங்கே வரத் தொடங்கினார்கள். வேறு இடங்களில் சேர்க்க மறுத்தவர்களுக்கு அந்த மதிலுக்குள் இடம் கிடைத்தது. 2004 ஏப்ரலில் எய்ட்ஸ் கிருமியை அடக்கும் மருந்துகளை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. இரண்டு நோயும் சேர்ந்து வந்தவர்கள் ஏராளம். ரிபாம்பிசின், எய்ட்ஸ் மருந்துகள் சிலவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடும். ஒரு நோய்க்கு எழுதும்போது மற்ற நோய்க்கு என்ன சாப்பிடுகிறார் என்று தெரியாவிட்டால் இரண்டு வைத்தியமும் வீண்.

மருந்து கொடுக்கும் வேலை இன்று டாக்டர் ஒருவரோடு நிற்பதில்லை. நர்ஸ் கொடுக்கிறார். சுகாதார ஊழியர் கொடுக்கிறார். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. வாசலில் நின்று மாத்திரை கொடுக்கும் பெண்மணிக்கு ஒரு வசதி உண்டு. பெரிய டாக்டருக்கு இல்லாத வசதி அது. அவர் அந்தத் தெருவை அறிந்தவர். பாட்டியின் அலமாரியில் வேறு என்ன மாத்திரை இருக்கிறது, மருமகள் முழுகாமல் இருக்கிறாளா, போன மாதம் தாத்தா மயங்கி விழுந்தாரா என்று கேட்டால் பதில் வரும்.

மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குவதுதான் பெரிய ஆபத்து. பெருங்களத்தூரானாலும் பல்லாவரமானாலும் இதே கதைதான். இருமல் என்று போய் நிற்கிறோம். போன தடவை டாக்டர் எழுதிய சீட்டையே நீட்டுகிறோம். காசநோயாக இருந்தால், சில வகைக் கிருமி மாத்திரைகள் அதைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். நோய் உள்ளே வளரும். கண்டுபிடிக்க மாதக்கணக்கில் தாமதமாகும்.

திருவல்லிக்கேணியில் ஒரு வீடு

கணவர் இறந்தபோது ஜானகி அம்மாளுக்கு 21 வயது இருக்கும். சில ஆண்டுகள் பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்தார். தையல் கற்றுக்கொண்டார். பிறகு சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். தைத்துப் பிழைத்தார். ஒரு பையனைத் தத்து எடுத்து வளர்த்து ஆளாக்கினார். ராமானுஜத்தைத் தேடி உலகத்தின் மூலைகளிலிருந்து கணித மேதைகள் வந்தபோது, அந்த வீட்டுக்கும் போய் அவரை வணங்கினார்கள். கடைசி நாட்களைப் பற்றிக் கேட்பார்கள். ஒற்றடம் கொடுத்ததையும், காகிதம் கேட்டதையும் அவர் சொல்வார்.

1994 ஏப்ரல் மாதம் ஜானகி அம்மாள் காலமானார். யங் எழுதிய கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.